கறுப்பின மாணவர் வாழ்வைப் படமும் கதையுமாகப் பதிவு செய்தல்: தொடக்கநிலையினருக்கு

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, அட்லாண்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் 363 படங்களை ஆல்பங்களாகத் தொகுத்து அனுப்பினார். இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பார்க்கக் கிடைக்கும் அந்தப் படங்களில் இருப்பவர்கள் கம்பீரமாக நம்மை நோக்குகிறார்கள்; ஆனால் பெரும்பாலோரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் குறை நம் பதிவில் நேரக் கூடாது என்பதற்காகவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்

வாஷிங்டனில் 1867இல் தொடங்கப்பட்ட ஹோவர்டு போன்ற கறுப்பினக் கல்லூரி ஒன்றில் நீங்கள் படிப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னாள் மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பிவந்து கொண்டாடும் ஹோம்கமிங் விழாவையும் அணிவகுப்பு இசைக்குழுவையும் எல்லோரும் படமெடுப்பார்கள். நீங்கள் ஒரே ஒரு மாணவரின் சாதாரண வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்குக் கேமரா வேண்டாம். படங்கள் எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லி, அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

படி 2: வெளிச்சத்தைக் கவனியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும். ஆகவே வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கும் கறுத்த முகம் இருண்டுபோகும், முகமே படச் சட்டகம் முழுவதையும் நிறைத்தாலோ தேவைக்கு மேல் வெளுத்துச் சாம்பல் பூத்துத் தெரியும். கைபேசியானால் திரையில் முகத்தைத் தொட்டு, பிரகாசத்தை விரலால் சற்றே கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நேர் ஃபிளாஷைத் தவிர்த்து, அவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். கன்னத்திலும் நெற்றியிலும் விழும் மெல்லிய ஒளிக்கோடுதான் கறுத்த தோலின் அழகை எடுத்துக் காட்டும். பின்னர் திருத்தும்போது தோலை வெளுக்கச் செய்யாதீர்கள்.

விடுதி அறையில் ஒருத்தி தரையில் அமர்ந்திருக்க, கட்டிலில் அமர்ந்த தோழி அவளுக்கு மணிக்கணக்கில் பின்னல் போட்டுவிடுவாள். அந்த விரல்களையும், மடியில் திறந்து கிடக்கும் பாடப்புத்தகத்தையும் நெருங்கிச் சென்று எடுங்கள்.

படி 3: கதையைக் கேளுங்கள்

“கறுப்பினத்தவராக இருப்பது எப்படி இருக்கிறது?” என்று கேட்டால், பலமுறை சொல்லிப் பழகிய பதிலே வரும். “இந்த அறையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள் எது?” என்று கேளுங்கள், பாட்டியின் போர்வையில் தொடங்கும் பேச்சு, குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர் யார் என்பதுவரை தானாகவே போகும். அனுமதியுடன் ஒலிப்பதிவு செய்து, அவர் பேசிய நடையிலேயே எழுதுங்கள். இலக்கணத்தைத் திருத்துகிறேன் என்று அவருடைய குரலை அழித்துவிடாதீர்கள்.

படி 4: காட்டிவிட்டு வெளியிடுங்கள்

பத்துப் படங்களுக்கு மேல் வேண்டாம். தேர்ந்தெடுத்த படங்களையும் எழுத்தையும் முதலில் அவரிடமே கொடுங்கள். அவர் நீக்கச் சொன்னதைக் காரணம் கேட்காமல் நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் அச்சிட்டு, அவர் விரும்பும் வடிவில் பெயர், இடம், தேதி ஆகியவற்றைப் பின்புறம் எழுதி, ஒரு பிரதியை அவருக்கும் மற்றொன்றைக் கல்லூரி ஆவணக் காப்பகத்துக்கும் அளியுங்கள்.