ஒழுகும் ஜன்னல்: சிலிக்கோன் குழாயை எடுப்பதற்கு முன்

மழை விட்டதும் ஜன்னலடியில் தண்ணீர் தேங்கியிருந்தால், பெரும்பாலோர் கண்ணில் பட்ட இடுக்கையெல்லாம் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது. அடைத்ததால்தான் ஒழுகுகிறது என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

பக்கவாட்டில் நகரும் ஜன்னல், சாரலை முழுவதும் வெளியிலேயே நிறுத்திவிடும்படி செய்யப்படுவதில்லை. காற்றோடு அடிக்கும் மழையில் கொஞ்சம் தண்ணீர் கீழ்ச் சட்டத்தின் பள்ளத்தில் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காகவே சட்டத்தின் வெளிமுகத்தில் சிறு வடிதுளைகள் இருக்கின்றன. எறும்பு வரும் ஓட்டை என்று நினைத்து அவற்றை அடைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போக வழியில்லாத தண்ணீர் பள்ளம் நிரம்பி அறைக்குள் வழியும். சில வீடுகளில் வெளித்திண்டின்மேல் பிற்பாடு ஒட்டிய டைல்ஸ் துளைகளின் உயரத்துக்கு மேலே ஏறி நிற்கும், விளைவு அதேதான். பள்ளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் வடிய வேண்டும். வடியாவிட்டால் தூசும் தலைமுடியும் அடைத்திருக்கலாம். பழைய பல்துலக்கியும் மெல்லிய கம்பியும் போதும்.

துளை போதவில்லை என்று நாமே துளையிடுவது இன்னொரு வம்பு. பிளாஸ்டிக் சட்டங்களுக்குள் பல அறைகள் உண்டு. ஒன்றில் வலுவுக்காக இரும்பு இருக்கும். துளை அங்கே இறங்கினால் இரும்பு துருப்பிடிக்கும்.

ஈரம் தெரியும் இடமே கசியும் இடம் என்று நம்புவதும் ஏமாற்றும். சன்ஷேடு சுவரோடு சேருமிடத்து விரிசலில் நுழையும் நீர், சுவருக்குள்ளேயே இறங்கி ஜன்னல் மூலையில் தலைகாட்டும். சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும்; மறுபூச்சின்போது அதைக் கலவையால் மூடிவிட்டால், நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். கசிவைக் கண்டுபிடிக்க ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியாகச் சில நிமிடம் நனைக்க வேண்டும். உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். பீறிடும் வேகத்தில் அடிப்பதும் கூடாது. நல்ல ஜன்னல்கூட அதற்குத் தாங்காது.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உண்மையிலேயே இடைவெளி இருந்தால் சிலிக்கோன் தேவைதான். ஆனால் பழைய சிலிக்கோன்மேல் புதியது ஒட்டாது. முழுவதும் சுரண்டி, துடைத்து, காயவிட்ட பிறகே பூச வேண்டும். காடி (வினிகர்) மணம் வீசும் வகை சிமென்ட் பூச்சில் நன்றாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். அமிலமற்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். அகலமான இடைவெளியில் முதலில் நுரைக் கயிற்றைத் திணிக்க வேண்டும். உட்பக்கம் மட்டும் பூசினால் கண்ணுக்குக் கசிவு நின்றதுபோல் தெரியும், தண்ணீரோ சுவருக்குள் தங்கிவிடும். வெளித்திண்டின் வாட்டம் (சரிவு) உள்நோக்கி இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. கொத்தனாரை அழைத்து வாட்டத்தை வெளிப்பக்கம் திருப்புவதே வழி.

மழையே இல்லாத குளிர்காலையில் கண்ணாடியின் உட்புறம் நனைந்திருந்தால் அது கசிவே அல்ல, அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிவது. அதற்கு வேண்டியது காற்றோட்டம்.