இருநூறு வயது கிட்டாரும் ஒரு டப்பா வெள்ளைப் பசையும்

பாரிஸில் ரெனே லாகோட், லண்டனில் லூயி பனோர்மோ, வியன்னாவில் யோஹான் கேயோர்க் ஸ்டாஃபர் ஆகியோர் கிட்டார் செய்தவர்கள். இவர்கள் காலத்துக் கிட்டார்கள் இன்றைய கிளாசிக்கல் கிட்டாரைவிடச் சின்னவை, மெல்லியவை. அவற்றைப் பழுதுபார்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள், நாங்கள் என்றோ செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். வெயிலில் வைக்காதே, கீழே போடாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளைப் பசை

பிரிட்ஜின், அதாவது மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டையின், பின்னோரம் லேசாகத் தூக்கியிருக்கும். ஒரு காகிதத் துண்டு உள்ளே நுழையும். உடனே இடுக்கில் வெள்ளைப் பசையைப் பிதுக்கி, க்ளாம்ப் போட்டு முறுக்கிவிடுவார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும்.

இந்தக் கிட்டார்கள் முழுக்க வஜ்ரத்தால், அதாவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசையால், ஒட்டியவை. காய்ந்த வஜ்ரம் கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். சூடும் ஈரமும் பட்டால் இளகும். பழைய வஜ்ரத்தின்மேல் புதியதைத் தடவினால் இரண்டும் ஒன்றாகிவிடும். வெள்ளைப் பசையோ பழைய வஜ்ரத்தில் சரியாகப் பிடிக்காது. தந்தி இழுக்க இழுக்க நழுவும். மர இழைக்குள் புகுந்து அடைத்துக்கொள்வதால் பிறகு வஜ்ரமும் ஒட்டாது. மூன்று கை மாறி மூன்று முறை பசை பூசி வரும் கிட்டாரில் பசையோடு மேற்பலகையின் ஸ்ப்ரூஸ் மரத்தையும் சுரண்டித்தான் ஆக வேண்டும். சுமார் 2 மி.மீ. பலகையில் கால் மி.மீ. போனாலே பெரிய நஷ்டம்.

சரியான வழி: குருணை வஜ்ரம் ஒரு பங்கு, குளிர்ந்த நீர் இரண்டு பங்கு, எடைக் கணக்கில். ஊறி வீங்கியதும் கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். கொதித்தால் வலு போய்விடும். சூடுகாட்டிய மெல்லிய கத்தியால் பிரிட்ஜை முழுதாகக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, ஒட்டும் இரு பக்கங்களையும் லேசாகச் சூடாக்கி ஒட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் க்ளாம்ப் ஏறிவிட வேண்டும். முன்கூட்டியே ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். 24 மணி நேரம் தந்தி கட்டாதீர்கள்.

ஸ்டாஃபர் கழுத்து

ஸ்டாஃபர் பாணிக் கிட்டார்கள் பலவற்றில் விரல்பலகையின் நுனி மேற்பலகையைத் தொடாமல் நிற்கும். கழன்றுவிட்டதென்று நினைத்து ஒட்டிவிடுகிறார்கள்! கழுத்தின் அடியிலுள்ள துளையில் சாவியைத் திருகி, கழுத்தின் சாய்வை மாற்றுவதற்காகவே அந்த இடைவெளி. 1833இல் நியூயார்க் போன சி. எஃப். மார்ட்டினின் ஆரம்பகாலக் கிட்டார்களிலும் இதே ஏற்பாடு உண்டு. திருகும்முன் தந்திகளைத் தளர்த்துங்கள்.

ஸ்டீல் கம்பி

மாட்டவே கூடாது.

மெருகு

பழைய மெருகைத் தேய்க்காதீர்கள். கையில் எடுத்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

லேபிள்

உள்ளே பனோர்மோ லேபிள் இருக்கிறதா? சின்னக் கண்ணாடி ஒன்றை ஒலித்துளைக்குள் விட்டு மேற்பலகையின் அடியைப் பாருங்கள். ஸ்பானிய முறையில் செய்கிறேன் என்று லேபிளிலேயே அச்சிட்டவர் அவர். அந்த முறைப்படி விசிறிபோல் விரியும் குச்சிகள் இருக்க வேண்டும். வெறும் குறுக்குச் சட்டங்கள்தான் தெரிகின்றனவென்றால் லேபிள் போலியாக இருக்கலாம்; விலை பேசுவதை நிறுத்திவையுங்கள்.