ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது? மருத்துவமனை வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்தியவுடன் பலர் பழக்கத்தில் செய்துவிடும் காரியங்கள் இரண்டு. குத்திய விரலை வாயில் வைத்துச் சப்புவது ஒன்று. யாரிடமும் சொல்லாமல் பஞ்சை ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வது இன்னொன்று. இரண்டுமே வேண்டாம். ரத்தத்தின் வழியே எச்ஐவியோ, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸோ தொற்றாமல் இருக்க, அதற்குப் பதில் எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நர்ஸ், லேப் டெக்னீஷியன், பயிற்சி டாக்டர், வார்டைத் துடைத்துக் குப்பை எடுப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். அடுத்தவர் அலட்சியமாகப் போட்ட ஊசி பெரும்பாலும் குத்துவது குப்பை எடுப்பவரைத்தான். பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட மறந்துபோவதும் அவரைத்தான்.

படி 1: எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எச்ஐவி உள்ளவரைத் தொட்டுத் தூக்குவதாலோ, அவருக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதாலோ, படுக்கை விரிப்பை மாற்றுவதாலோ தொற்று வராது. வியர்வை, கண்ணீர், எச்சில், சளி, சிறுநீர், மலம், வாந்தி இவற்றில் ரத்தம் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாதவரை கவலை இல்லை. ரத்தம், பிரசவத்தில் வரும் பனிக்குட நீர், முதுகுத்தண்டு நீர், நுரையீரல் உறையிலும் வயிற்றிலும் மூட்டிலும் இருந்து எடுக்கும் நீர், விந்து, பெண்ணுறுப்புச் சுரப்பு ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். அவையும் ஊசி வழியாகத் தோலுக்குள் போக வேண்டும். அல்லது கண், வாய், மூக்கு, தோலில் உள்ள திறந்த புண் இவற்றில் பட வேண்டும். காயமில்லாத தோலில் ரத்தம் தெறித்தால் கழுவினால் போதும்.

எவ்வளவு ஆபத்து? எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தி, மருந்தும் எடுக்காமல் விட்டால், தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். அதாவது அப்படி 300 முறை குத்தினால் ஏறக்குறைய ஒரு முறை. கண்ணிலோ வாயிலோ தெறித்தால் அது சுமார் 0.09 சதவீதம்தான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்போ 30 சதவீதம் வரைகூடப் போகும். எச்ஐவிக்கு நடுங்குகிற பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. வேலைக்குச் சேர்ந்ததும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுவிடுங்கள். எச்ஐவிக்குத் தடுப்பூசி கிடையாது.

எல்லாக் குத்தும் ஒரே மாதிரி அல்ல. பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1997இல் வெளியானது. காயம் ஆழமாக இருந்தது, கருவியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தது, அந்த ஊசி நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் இருந்து வந்தது, நோயாளி நோய் முற்றிய நிலையில் இருந்தது ஆகிய நான்கும் ஆபத்தைக் கூட்டும் என்று அது காட்டியது. துளையுள்ள ஊசிக்குள் ரத்தம் தங்கும். தையல் ஊசியில் அது குறைவு. கையுறையைத் துளைத்து வரும்போது ஒட்டிய ரத்தத்தில் கொஞ்சம் கையுறையிலேயே துடைபட்டும் போகும்.

படி 2: குத்தவிடாமல் வேலை செய்யுங்கள்

பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பல விபத்துகள் நடக்காது. வேறு வழியே இல்லை என்றால் மூடியைத் தட்டில் படுக்கவைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுங்கள். இன்னொரு கை அந்தப் பக்கமே வரக்கூடாது. ஊசியை வளைப்பது, உடைப்பது, சிரிஞ்சிலிருந்து கையால் கழற்றுவது எதுவும் வேண்டாம்.

பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வார்டின் மறுகோடியில் டப்பாவை வைத்துவிட்டு, ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்கச் சொல்வது விபத்துக்கு நாள் குறிப்பது மாதிரி. டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் அதை மூடிவிட்டு, வேறு டப்பா வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பிதுங்கும் டப்பாவில் இன்னொரு ஊசியை அழுத்தித் திணிக்க வேண்டாம்.

அப்புறம், நோயாளியின் எச்ஐவி முடிவைப் பார்த்துவிட்டுக் கவனத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ தவறு. தனக்குத் தொற்று இருப்பது தெரியாதவர்கள் நிறையப் பேர். புதிதாகத் தொற்றியவருக்குப் பரிசோதனையில் இல்லை என்று வரலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் ரத்தத்தில் கிருமி அதிகம் இருக்கும். எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே மாதிரி கையாளுங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987இலேயே சொன்னதற்கும் காரணம் இதுதான். கேஸ் ஷீட்டில் எச்ஐவி என்று சிவப்பு மையால் எழுதி வைப்பது நோயாளியை அவமானப்படுத்துமே தவிர, உங்களைக் காப்பாற்றாது.

படி 3: குத்திய உடனே

கையுறையைக் கழற்றுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவ்வளவுதான். ரத்தம் வரட்டும் என்று பிதுக்குவது, பிளீச்சிங் கரைசலில் விரலை முக்குவது, சுரண்டித் தேய்ப்பது எல்லாம் திசுவைப் புண்ணாக்கும். பலன் எதுவும் இல்லை.

கண்ணில் தெறித்தால் தலையைச் சாய்த்து, சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டு நிதானமாகக் கழுவுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் முதலில் அதோடேயே கழுவி, பிறகு கழற்றுங்கள். வாயில் பட்டால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளியுங்கள். இந்த இரண்டு இடத்திலும் சோப்பு வேண்டாம்.

படி 4: உடனே சொல்லுங்கள்

ஷிஃப்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பொறுப்பு நர்ஸிடமோ டூட்டி டாக்டரிடமோ சொல்லி, பதிவேட்டில் எழுத வையுங்கள்: எத்தனை மணிக்கு, எந்த ஊசி, எவ்வளவு ஆழம், யாருடைய ரத்தம். 'உன் கவனக்குறைவுதான்' என்று யாராவது திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கும் இடத்தில்தான் மருந்துக்கான நேரம் வீணாகிறது. இதைப் படிக்கும் மேலதிகாரிகள் யாராவது இருந்தால், திட்டுவதை நிறுத்துவதுதான் நீங்கள் தரக்கூடிய பெரிய பாதுகாப்பு.

நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். உங்களுக்கும் அன்றே அடிப்படைப் பரிசோதனை நடக்கும். பின்னால் தொற்று வந்தால் அது வேலையில் வந்ததுதான் என்று காட்ட அந்த முடிவு தேவைப்படும். குப்பையில் கிடந்த ஊசி குத்தினால் அந்த ஊசியைப் பரிசோதிப்பதில் பயனில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடாதீர்கள்.

படி 5: மருந்து

குத்தியபின் தொற்றைத் தடுக்க எடுக்கும் மருந்தை 'பெப்' என்பார்கள். இதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் சிறப்பு. 72 மணி நேரம் தாண்டினால் பொதுவாகத் தருவதில்லை. நோயாளியின் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் வேளையைப் போட்டுக்கொண்டு, நோயாளிக்கு எச்ஐவி இல்லை என்று உறுதியானால் டாக்டர் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது பரவலாகத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது. 28 நாள், விடாமல் தினமும். மேலே சொன்ன 1997 ஆய்வு நடந்த காலத்தில் சிடோவுடின்தான் தந்தார்கள். அந்த ஒரே மருந்துகூட ஆபத்தை சுமார் 81 சதவீதம் குறைத்ததாக அது கணக்கிட்டது. இன்றைய மருந்துகள் அதைவிடத் தாங்கக்கூடியவை. கொஞ்சம் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். பலர் இரண்டாவது வாரத்தில் 'இனி என்ன வரப்போகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போய் மாற்றிக் கேளுங்கள்.

தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, வேறு மாத்திரைகள். கர்ப்பம் என்பதற்காகப் பெப் மருந்தை மறுப்பதில்லை. நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். அதனால் டோலுடெக்ராவிரை முதலில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இவற்றை எடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி இருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்குபவை, திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

படி 6: அடுத்த சில மாதங்கள்

ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் எச்ஐவி பரிசோதனை செய்வார்கள். பயன்படுத்தும் டெஸ்ட்டைப் பொறுத்து சில இடங்களில் ஆறு மாதம் வரை தொடர்வார்கள். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள், ரத்ததானம் செய்யாதீர்கள். வேலைக்குத் தாராளமாக வரலாம். காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுவது போல ஏதாவது வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் காட்டுங்கள்.

இந்த வாரங்களில் தூக்கம் வராமல் தவிப்பது சகஜம். அப்போது நினைத்துப் பார்க்க ஒரு கணக்கு: அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை வேலையால் எச்ஐவி தொற்றியதாக உறுதியான பணியாளர்கள் 58 பேர். அதில் 1999க்குப் பிறகு ஒருவர்தான். அவரும் உயிருள்ள எச்ஐவி கிருமியை வைத்து வேலை செய்த லேப் டெக்னீஷியன். வீட்டில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் கணவரோ மனைவியோ இருந்தால், ஆணுறை விஷயத்துக்காகவாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.