குன்னூர் குளிரில் தவழும் குழந்தை: தைலக் குப்பியில் தொடங்குங்கள்

குழந்தைக்காக வீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லும் குறிப்புகள் பெரும்பாலும் கீழே சமவெளி வீடுகளை நினைத்து எழுதியவை. நம் மலை வீட்டில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூடிரைவர், இரண்டு கொக்கி, அளக்கிற டேப், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

முதல் வேலை, தைலம். எங்கள் வீட்டில் நீலகிரித் தைலக் குப்பி மாமியாரின் தலையணை ஓரத்தில்தான் கிடக்கும். ஒரு நாள் பார்த்தால் பத்து மாத மகள் குப்பியைப் பிடித்துக்கொண்டு மூடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, மூடி திறக்கவில்லை. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். முட்டி வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம்: அதே ஒரு கரண்டியில் சுமார் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு ஈடான மருந்து இருக்கிறது. எல்லாக் குப்பிகளையும், சூடத்தையும் சேர்த்து, மேல் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐ அழையுங்கள், குப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.

அடுத்து, கணப்பு. கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவரவே கூடாது. புகை அடங்கி, கரி சிவப்பாகக் கனிந்த பிறகுதான் பலரும் உள்ளே எடுத்து வருகிறார்கள். அந்தக் கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மின்சார ஹீட்டரைச் சுற்றி மூன்று அடிக்குள் துணி, கட்டில், குழந்தை எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தளர்வான கம்பளியும் வேண்டாம், முகத்தை மூடிவிடும். உடைகளை அடுக்கடுக்காகப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, வெந்நீர். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். கீசரை 50 டிகிரிக்குக் குறைத்து வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வாளியில் ராடு போடுகிறவர்கள், அது ஓடும்வரை குளியலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போடுங்கள். கொக்கிகளில் ஒன்று அதற்குத்தான், உங்கள் தோள் உயரத்தில். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். நம் ஊர்த் தண்ணீர் உறைய வைக்கும், அதனால் சுட்ட இடத்தில் மட்டும் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்திவையுங்கள். ஐஸ், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம்.

கடைசியாக டேப்பை எடுங்கள். சரிவில் கட்டிய வீட்டுக்கு முன்பக்கம் ஒரு படி என்றால் பின்பக்கம் ஒரு மாடி ஆழம் இருக்கும். ஜன்னல், படிக்கட்டுக் கம்பிகளின் இடைவெளி நாலு அங்குலத்துக்கு மேல் இருந்தால் உடனே வலை கட்டுங்கள். ஜன்னலடியில் ஸ்டூல் இருந்தால் நகர்த்திவிடுங்கள்.

இரண்டாவது கொக்கி வாசல் கேட்டுக்கு, உள்பக்கம், உயரத்தில். எங்கள் தெருவில் விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ஏறி வந்து நிற்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை அதையும் மாடு என்றுதான் நினைத்துக்கொண்டு ஓடும்.