பத்திரிகைப் பதிவு: 60 நாள் கணக்கில் செய்யும் தவறுகள்

சொந்தமாக ஓர் இதழ் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பதிவு கிடைக்க எத்தனை நாள் ஆகும்?" என்பதுதான். யாராவது "60 நாள்" என்று சொல்லிவிடுவார்கள். உடனே 61-ஆம் நாளுக்கு வெளியீட்டு விழா, மண்டபம், அழைப்பிதழ் என்று வேலை தொடங்கிவிடும். நல்ல எழுத்தும் நல்ல நோக்கமும் உள்ள சிற்றிதழ்க்காரர்கள்கூட இந்த இடத்தில் பணத்தையும் உற்சாகத்தையும் இழந்துவிடுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில் அந்த 60 நாள் யாருக்கு விதிக்கப்பட்டது என்று பார்ப்போம். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், 2023 என்ற புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதன்படி, விண்ணப்பம் இணையவழியில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம், முன்பு ஆர்.என்.ஐ. என்று நாம் சொல்லிவந்தது. இன்னொன்று உள்ளூர் அதிகாரி, அதாவது மாவட்ட நிர்வாகம். தனக்கு ஆட்சேபம் இல்லை என்றோ, இன்னின்ன கருத்துகள் உண்டு என்றோ அந்த உள்ளூர் அதிகாரி சொல்வதற்குத்தான் 60 நாள். அதற்குப் பிறகுதான் பதிவாளர் முடிவெடுப்பார். ஆக, அது ஓர் அலுவலகம் தன் பங்கை முடிக்க வேண்டிய கெடு. சான்றிதழ் உங்கள் கைக்கு வரும் தேதி என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. படிவத்தை நிரப்பத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கணக்கு ஓடும். ஆவணத்தில் குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், அதைச் சரிசெய்ய நீங்கள் எடுத்துக்கொள்ளும் நாட்கள் உங்கள் கணக்கில்தான் சேரும். குறைகளில் பெரும்பாலானவை சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கும்: ஆதாரில் முதலெழுத்து ஒரு மாதிரி, பான் அட்டையில் வேறு மாதிரி, வாடகை ஒப்பந்தத்தில் பழைய முகவரி, அச்சகத்தின் பெயர் ஓரிடத்தில் சுருக்கமாகவும் இன்னோரிடத்தில் விரிவாகவும் இருப்பது. விண்ணப்பிக்கும் முன் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், அனுப்பியதோடு விட்டுவிடாமல் இணையதளத்தில் நுழைந்து நிலவரத்தை அவ்வப்போது பாருங்கள். கேள்வி வந்தது தெரியாமலே காத்திருப்பவர்கள் பலர்.

தலைப்பு விஷயத்தில் செய்யும் அவசரம் இன்னும் செலவு வைக்கும். பெயர் பிடித்துவிட்டது என்று இலச்சினை வரைந்து, பலகை எழுதி, சமூக ஊடகப் பக்கமும் திறந்துவிடுகிறார்கள். அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ, அதே மொழியில் இந்தியாவில் எங்காவது வேறொருவர் கையில் இருந்தால் கிடைக்காது. அதே மாநிலத்தில் வேறு மொழி இதழுக்கு இருந்தாலும் கிடைக்காது. முன்னால் 'புதிய' என்றோ பின்னால் 'டுடே' என்றோ ஒட்டவைத்தால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். 'போன்ற' என்ற சொல் இருப்பதே அதைத் தடுக்கத்தான். நடப்பில் உள்ள தலைப்புகளைத் தேடிப் பார்த்துவிட்டு, மனதார ஏற்கக்கூடிய சில பெயர்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். சான்றிதழ் வந்த பிறகு பலகை எழுதினால் போதும்.

இந்த இடத்தில் யாராவது 'தி இந்து' நாளிதழின் கதையை எடுத்து வைப்பது வழக்கம். "ஒன்றே முக்கால் ரூபாயில் தொடங்கினார்கள், எந்த அலுவலகத்திலும் காத்திருக்கவில்லை" என்பார்கள். அந்தக் கதை உண்மையிலேயே ஊக்கம் தருவதுதான். ஆனால் பாதி மட்டும்தான் சொல்லப்படுகிறது.

1878-இல் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் கையில் இருந்த பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. பதில் சொல்ல நமக்கென்று ஒரு பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்கள் கூடினார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சகத்தில் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று முதல் இதழ் வந்தது. விலை நான்கணா.

அன்றைக்கு இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்பு உறுதிமொழி அளிக்க வேண்டும். நாடு முழுவதும் உள்ள தலைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மைய அலுவலகம் ஒன்று அப்போது கிடையாது. அது முதல் பத்திரிகை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு 1956-இல்தான் வந்தது. எனவே அன்றைய காலத்தை இன்றைய காலத்தோடு நேருக்கு நேர் வைத்துப் பேசுவதில் பொருளில்லை. அன்று எல்லாம் சுலபமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. அதே 1878-இல்தான் லிட்டன் பிரபுவின் அரசு, இந்திய மொழிப் பத்திரிகைகளை அடக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. தமிழில் எழுதியவர்களுக்கோ தலைக்குமேல் கத்தி தொங்கியது. சுப்பிரமணிய ஐயரின் தமிழ் இதழான சுதேசமித்திரன் 1882-இல்தான் வந்தது.

அந்தக் கதையில் உண்மையில் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 'தி இந்து' நாளிதழாகத் தொடங்கவில்லை. முதலில் அது வார இதழ். 1883-இல் வாரம் மும்முறை. 1889 ஏப்ரலில்தான் நாளிதழ். கையில் இருந்த பணத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்றபடி அடியெடுத்து வைத்திருக்கிறார்கள். சுதேசமித்திரனும் அப்படியே: வார இதழாகப் பிறந்து 1899-இல் நாளிதழானது.

இன்று விண்ணப்பிக்கும்போது நாம் தலைகீழாகச் செய்கிறோம். 'நாளிதழ்' என்று போட்டால் மதிப்பு, விளம்பரம் வரும் என்ற நினைப்பில் கால இடைவெளிக் கட்டத்தில் 'தினசரி' என்று குறித்துவிடுகிறோம். புதிய சட்டத்தில் இதற்கு விளைவு உண்டு. தொடர்ச்சியாக வெளியிடத் தவறினால் பதிவைக் குறைந்தது 30 நாள் முதல் அதிகபட்சம் 180 நாள் வரை நிறுத்திவைக்கலாம். வரவேண்டிய இதழ்களில் பாதிகூட வரவில்லை என்றால் பதிவு ரத்தாகும் அளவுக்கும் போகலாம். அத்தனை நாள் காத்திருந்து வாங்கிய பதிவை இப்படி இழப்பது வேதனை. மாத இதழ் நடத்த மட்டும் தெம்பு இருந்தால் மாத இதழ் என்றே கேளுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் இதழ்களுக்கு இன்னொன்று. அந்த ஆறு பேரில் சட்ட மாணவர்கள் நால்வரும் தேர்வில் தேறி வக்கீல் தொழிலுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய இருவரும் 1898-இல் பிரிந்தார்கள். 1905-இல் பத்திரிகை கஸ்தூரி ரங்க ஐயங்கார் கைக்கு மாறியது. லட்சியத்தால் ஒன்றுகூடியவர்களுக்கே இப்படி நடந்திருக்கிறது என்றால், உரிமையாளர் யார் என்பதை வாய்ப்பேச்சில் விடக் கூடாது. காத்திருக்கும் வாரங்களில் செய்யத்தக்க மிக முக்கியமான வேலை, யார் பெயரில் உரிமை, விலகினால் என்ன, பெயர் யாருக்கு என்று எழுதி வைப்பது. பிறகு உரிமையாளர் மாறினால் பதிவிலும் அதை மாற்றியாக வேண்டும். அதற்கும் தனியாகக் காத்திருக்க வேண்டிவரும்.

பழைய நடைமுறை தெரிந்தவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. முன்பு தலைப்பு கிடைத்து, உறுதிமொழி கொடுத்து, முதல் இதழை வெளியிட்ட பிறகு அந்தப் பிரதியோடுதான் பதிவுக்கு விண்ணப்பிப்பார்கள். அந்த நினைவில், "முதல் இதழைப் போடுங்கள், பதிவு பின்னால் வரும்" என்று மூத்தவர்கள் அக்கறையோடு சொல்வதுண்டு. இப்போது அப்படிச் செய்யக் கூடாது. பதிவில்லாமல் வெளியிட்டால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

தேவையே இல்லாமல் காத்திருப்பவர்களும் உண்டு. இந்தச் சட்டம் அச்சிட்டு வெளியிடப்படும் இதழ்களுக்கானது. இணையத்தில் மட்டும் வரும் இதழுக்கு இந்தப் பதிவு வேண்டியதில்லை. இணையச் செய்தித் தளங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் தனியாக இருக்கின்றன. கல்வி, அறிவியல், தொழில்நுட்ப ஆய்விதழ்களும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வராது. முதலில் உங்கள் இதழ் எந்த வகை என்று தீர்மானித்துக்கொண்டு பிறகு படிவத்தைத் திறங்கள். அதேபோல, சலுகைக் கட்டணத்தில் அஞ்சலில் அனுப்புவதற்கான பதிவு அஞ்சல் துறையிடம் தனியாக வாங்க வேண்டியது. பத்திரிகைப் பதிவு எண் வந்ததுமே அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்று எண்ணி, முதல் மாதத்துச் சந்தாப் பிரதிகளை முழுக் கட்டணத்தில் அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பதிவு மறுக்கப்பட்டால்? மனம் உடைந்து புதிதாக வேறொரு பெயரில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. மறுப்புக்கான காரணத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது நியாயமில்லை என்று தோன்றினால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பத்திரிகைக் கவுன்சிலின் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் கொண்ட மேல்முறையீட்டு வாரியம் இதற்காகவே இருக்கிறது. இந்த 60 நாள் மட்டும் உங்களுக்கு விதிக்கப்பட்ட கெடு. மறுப்புக் கடிதம் வந்த தேதியைக் குறித்துவைத்து, அதிலிருந்து எண்ணுங்கள்.