பிளாஸ்டிக் பளபளப்பு போன நிலக்கரி வேகன்

1:76 அளவில் (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு) பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் நிலக்கரி வேகன், பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் கிட். ஒட்டி முடித்ததும் பொம்மை மாதிரிதான் இருந்தது. அழுக்கேறிய தோற்றத்துக்காகக் கரும்பழுப்பு அக்ரிலிக் பெயின்ட்டைக் கரைத்துப் பூசினால் பிடிக்காமல் முத்து முத்தாகத் திரண்டது. பிளாஸ்டிக்கை வார்த்த அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். சோப்புநீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, ஓரிரவு காயவிட்டு, சாம்பல் நிறம் அடித்து, மேட் (பளபளக்காத) வார்னிஷ் தெளித்தேன். பிறகு அதே கரும்பழுப்புக் கரைசல்: ஒரு பங்கு பெயின்ட், எட்டுப் பங்கு தண்ணீர், ஒரு துளி சோப்பு. பூசிய அரை நிமிடத்தில் பஞ்சுக்குச்சியால் மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும். மழைநீர் அப்படித்தானே வழியும்!

துருவை வெளியே அள்ளிப் பூசுவது பலர் செய்யும் தப்பு. நிஜ வேகனில் நிலக்கரி விழுந்து உராயும் உட்புறம்தான் முழுக்கத் துரு. வெளியே வெல்டு ஓரங்களிலும் கதவுக் கீல்களிலும் ஸ்பாஞ்சுத் துணுக்கால் ஒற்றினாலே போதும்.

சரக்குக்கு நிஜ நிலக்கரியையே 2 மி.மீ.க்குள் உடைத்து, தெர்மாகோல் துண்டின்மேல் பரப்பி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகால் சொட்டினேன். எடை மொத்தம் 50 கிராம் வருமாறு அடியில் ஈயத்துண்டு. ஈயத்தை மட்டும் ஃபெவிகாலில் ஒட்டாதீர்கள்: நாளடைவில் வெள்ளையாகப் பூத்து, உப்பி, வேகனையே பிளந்துவிடும். அதற்கு எபாக்ஸிப் பசைதான்.