கமகோங் தடியைச் சுற்றிப் பழகும் முறை

ஆர்னிஸ், எஸ்க்ரிமா என்னும் பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டைக் கலைகளைப் பழகுகிறவர்களின் அன்றாடக் கம்பு பிரம்புதான். கமகோங் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் செய்த தடி அதற்கு மாற்றல்ல. தனியாகப் பழகும்போது மட்டும் கையில் எடுக்க வேண்டியது. பிரம்பு அடிபட அடிபட நார்நாராகப் பிரிந்து, தன் ஆயுள் முடியப்போவதை முன்பே காட்டிவிடும். மரத்தடி அப்படியல்ல. கடைசி அடிவரை முழுசாகத் தெரிந்துவிட்டு ஒரே அடியில் தெறிக்கும். ஆகவே எதிரில் ஆள் நிற்கும் எந்தப் பயிற்சிக்கும், கம்போடு கம்பு மோதும் சினாவாலி என்ற இரட்டைக் கம்புப் பயிற்சிக்கும் பிரம்பைத்தான் எடுக்க வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

கமகோங் கருங்காலிக் குடும்பத்து மரம். பிலிப்பைன்ஸில் அரசு அனுமதியில்லாமல் அதை வெட்ட முடியாது. சாயமேற்றிய வேறு மரம் அந்தப் பெயரில் கைக்கு வரக்கூடும் என்பதால் நிறத்தை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். 71 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. தடிமன் உள்ள பிரம்பு ஏறக்குறைய 200 கிராம் இருக்கும்; அதே அளவு கமகோங் 400 கிராமை நெருங்கும். இன்னொரு வகையான பாஹி, பனை இன மரத்தின் வயிரம். அதில் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால், மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் சிலாம்பு ஊசிபோல் ஏறும்.

முதல் தடி 66 செ.மீ. நீளமும் 2.2 செ.மீ. தடிமனுமாக, 300 கிராமுக்குள் இருக்கட்டும். அடிப்படை வீச்சுகள் பிரம்பில் தடுமாறாமல் வருவதற்கு முன் இதையும் தொட வேண்டாம். எடை தவறைத் திருத்தாது, அதை உடம்பில் பதியவைத்துவிடும்.

பிடிக்கும்போது அடியில் ஒரு கைப்பிடி அகலம் விடுங்கள். அந்தப் பகுதிதான் புன்யோ. கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் படியட்டும். சுண்டுவிரலும் அதை அடுத்த இரண்டு விரல்களும் இறுக்கிப் பிடிக்க, ஆள்காட்டி விரல் தளர்ந்திருக்க வேண்டும். விரல்முட்டி வெளுத்தால் பிடி அதிகம். பளபளப்பான வார்னிஷ் வியர்வையில் வழுக்கும். பிடிக்கும் பகுதியை மட்டும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சுற்றிலும் 2.5 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். கை நழுவினால் தடி பறக்கும் என்பதால் முன்னால் எவ்வளவு தள்ளியும் ஆள் நிற்கக் கூடாது.

இனி வீச்சு. கனமான தடி மெதுவாக வேகமெடுக்கும், மெதுவாகத்தான் நிற்கும். கை வலிப்பது பெரும்பாலும் வீசுவதால் அல்ல, காற்றில் சட்டென்று நிறுத்துவதால். பிரம்பை நிறுத்திப் பழகிய முன்கைத் தசை இரண்டு மடங்கு எடையையும் அதே இடத்தில் நிறுத்தப் பார்க்கும்; அந்த இழுப்பு முழங்கையின் வெளிப்புறத் தசைநாணில் இறங்கும். எனவே நிறுத்தாதீர்கள். வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குக் குறுக்காக இறங்கும் முதல் வீச்சு முடியும் இடத்தில் மணிக்கட்டைத் திருப்பி, தடியை இடது தோளுக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டாம் வீச்சை இறக்குங்கள். இரண்டும் சேர்ந்து படுத்த எட்டாக வரும். இடுப்பு முதலில் திரும்பட்டும், கை பின்னால் வரட்டும். வலது கை வீச்சில் வலது குதிகால் தானாக எழும்பவில்லை என்றால் நீங்கள் தோளால் மட்டும் தள்ளுகிறீர்கள் என்று பொருள்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து நிமிடம் பிரம்பால் உடம்பைச் சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு எட்டுக்கு நான்கு எண்ணிக்கை வைத்து, ஒவ்வொரு கைக்கும் பத்து எட்டு, மூன்று சுற்று. அடுத்த இரண்டு வாரம் பதினைந்து எட்டு, நான்கு சுற்று. ஐந்தாம் வாரத்தில் கிடைவீச்சுகளைப் பாதி வேகத்தில் சேர்க்கலாம். விசிறிபோல் அசையும் அபானிக்கோவை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளுங்கள். அதிலும் மணிக்கட்டு மடங்காமல் முன்கை உருள வேண்டும். கனத்தடி நேரம் மொத்தம் 12 நிமிடத்தைத் தாண்டாமல், கடைசி இரண்டு நிமிடம் மறுபடி பிரம்பு. அப்போது கம்பு பறப்பதுபோல் இருக்கும். அந்த உணர்வு சீக்கிரம் மறைந்துவிடும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரம்பின் நுனி முன்பு போன பாதையிலேயே போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டயரில் அடிக்க ஆசை வரும். முதல் மாதம் வேண்டாம். பிறகு அடிப்பதானாலும் கயிற்றில் தொங்கி ஆடும் டயராக இருக்கட்டும். அசையாத டயர் அதிர்ச்சியை அப்படியே முழங்கைக்குத் திருப்பி அனுப்பும். மறுநாள் காலையில் கோப்பையைத் தூக்கும்போது முழங்கை வலித்தால், வலி போகும்வரை பிரம்பையும் தொடாதீர்கள்.

தடியை வெயிலில் வைத்தால் முனையில் வெடிப்பு விழும். சில மாதத்துக்கொரு முறை ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும், விரித்துக் காயப்போடுங்கள். ஒவ்வொரு முறையும் பயிற்சிக்கு முன் தடியைத் தளர்வாகப் பிடித்துத் தரையில் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று வந்த ஒலி மந்தமாக மாறியிருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். விரிசல்மேல் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். முனையோடு நின்ற வெடிப்பானால் அறுத்துவிட்டுக் குட்டைத் தடியாக வைத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் ஓடியிருந்தால் அந்தத் தடியைக் கழித்துவிடுங்கள்.